வைவா முடிந்துவிட்டது, புராஜெக்ட் முடிந்ததா?

உள்ளூர் வாடிக்கையாளருக்காகச் செய்யும் இறுதியாண்டு புராஜெக்ட்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரே பேச்சுதான் கேட்கும்: "டைட்டில் கிடைச்சுதா?" எல்லோரும் தலைப்பைத் தேடுகிறார்கள். அந்தத் தலைப்பு யாருக்குப் பயன்படும் என்று தேடுபவர்கள் குறைவு. பருவம் முடிந்ததும் பைண்டிங் செய்த அறிக்கை துறை அலமாரிக்குப் போகிறது. மென்பொருள் மாணவரின் லேப்டாப்போடு போகிறது.

அதே ஊரில் அரிசி மண்டியிலும் அச்சகத்திலும் விசைத்தறிக் கூடத்திலும் கணக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு நிஜமாகவே பயன்படும் ஒன்றைச் செய்துகொடுத்துப் பட்டம் வாங்கலாம். கணினித் துறையில் இருபது ஆண்டுகளாக இறுதியாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்து வருகிறேன். இந்த வகைப் புராஜெக்ட் பற்றி மாணவர்களும் பெற்றோரும் கடைக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. வழக்கமான புராஜெக்ட்டுக்கும் வாடிக்கையாளருக்கான புராஜெக்ட்டுக்கும் என்ன வேறுபாடு?

மதிப்பெண் முறையில் வேறுபாடு இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பி.இ. கணினி அறிவியலில் எட்டாம் பருவப் புராஜெக்ட்டுக்கு வாரம் 20 மணி நேரமும் 10 கிரெடிட்டும் உண்டு. பருவத்துக்குள் மூன்று ரிவ்யூ, கடைசியில் அறிக்கை, பிறகு வெளித் தேர்வாளர் வந்து நடத்தும் வைவா. சில தனியார் பல்கலைக்கழகங்கள் இதையே 'கேப்ஸ்டோன்' என்கின்றன.

வேறுபாடு, தீர்ப்புச் சொல்பவர் யார் என்பதில் இருக்கிறது. வழக்கமான புராஜெக்ட்டை வழிகாட்டி, ரிவ்யூ குழு, வெளித் தேர்வாளர் ஆகியோர் பார்க்கிறார்கள். இதில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்துகொள்கிறார். எந்த அல்காரிதம், எந்த ஃபிரேம்ஒர்க் என்று அவர் கேட்க மாட்டார். எதிரே நான்கு பேர் நிற்கும்போது, கையால் சீட்டு எழுதும் நேரத்துக்குள் பில் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார். இந்தத் தேர்வு மற்ற மூன்றையும்விடக் கடினமானது.

2. ஊரில் யாரை அணுகுவது? அறிமுகம் இல்லாதவர்கள் எங்களை நம்புவார்களா?

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு அரிசி வாங்கும் கடை, அப்பா வேலை பார்க்கும் பட்டறை, மாமாவின் அச்சகம். உங்கள் ஊரின் தொழிலே கேள்வியைக் கையில் கொடுத்துவிடும். திருப்பூரில் துணி கட்டிங், தையல், செக்கிங் என்று யூனிட் யூனிட்டாகக் கைமாறுகிறது; போன பீஸ் எத்தனை, திரும்பி வந்த பீஸ் எத்தனை என்பது தினசரித் தலைவலி. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவனமும் முட்டையும் அன்றாடம் கணக்குப் பார்க்க வேண்டியவை.

தனியார் வாடிக்கையாளர் அமையாவிட்டால் வேறு வாசல்களும் உண்டு. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் 'நிரல் திருவிழா' தொழில் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் சொல்லும் சிக்கல்களை மாணவர்களிடம் கொண்டுவருகிறது. 2014-இல் தொடங்கிய 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், அது தத்தெடுத்த கிராமங்களிலும் தேடலாம்.

"உங்களுக்கு ஒரு ஆப் செய்து தரட்டுமா?" என்று போய்க் கேட்டால், "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்ற பதில்தான் வரும். "உங்க கடையில எந்தக் கணக்கு அடிக்கடி இடிக்குதுங்க அண்ணாச்சி?" என்று கேளுங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். நம்பிக்கை அந்தக் கடிதத்தால் வருவதில்லை; சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதால் வருகிறது.

3. முதல் சந்திப்பிலேயே தேவைகளைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதாதா?

போதாது. தன் வேலையை வார்த்தையில் விவரிப்பது யாருக்கும் கடினம். தினமும் கை தானாகச் செய்வதை வாய் சொல்ல மறந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

என் மாணவர்கள் ஓர் அரிசி மண்டிக்கு பில் மென்பொருள் செய்தார்கள். முதல் திரையில் வாடிக்கையாளரின் கைபேசி எண் கட்டாயம் என்று வைத்திருந்தார்கள். மண்டியின் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பில்லுக்கும் ஒன்பதைப் பத்து முறை தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அவர் ஆட்களை எண்ணால் அறிந்தவர் இல்லை. அவருடைய நோட்டில் 'பால்கார வீடு', 'மேலத்தெரு மெஸ்', 'பழைய வாத்தியார்' என்றுதான் இருக்கிறது. ஊரே அப்படித்தான் அவர்களை அழைக்கிறது. மென்பொருள் அந்தப் பெயர்களை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

இன்னொன்று: சிப்பத்தின் எடையை 25 கிலோ என்று நிலையாக எழுதியிருந்தார்கள். கடையில் 26 கிலோ சிப்பங்கள் அடுக்கியிருந்தன. 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிப் பொட்டலமிட்ட அரிசிக்கு, 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதற்கு மேல் எடையிருந்தால் இல்லை. அதனால் சந்தைக்கு வந்த எடை அது. பாடப்புத்தகத்தில் இது இருக்காது. மண்டியில் நின்று சிப்பத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தவருக்குக் கிடைக்கும்.

4. பில், இருப்பு, பாக்கி என்று சாதாரணமாக இருந்தால் ரிவ்யூ குழு 'இதில் புதுமை எங்கே' என்று கேட்காதா?

கேட்பார்கள், கேட்க வேண்டும். பதில் உங்களிடம் இருக்க வேண்டும். தேசிய அங்கீகார வாரியம் 2014-இல், பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் நிரந்தர உறுப்பினரானது. அந்த ஏற்பாட்டில் ஒரு பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் குழுவாக இயங்குவது, பிறருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது, ஒரு திட்டத்தின் நிர்வாகத்தையும் நிதியையும் கையாள்வது ஆகியவையும் உண்டு. இவற்றை நிஜ வாடிக்கையாளரைவிட நன்றாகச் சோதிக்கும் களம் கல்லூரிக்குள் கிடைக்காது.

புதுமை தேடி எங்கும் அலையவும் வேண்டாம். கடையின் நெருக்கடியே அதைத் தரும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் பில் எப்படிப் போடுவது? இணையம் அறுந்திருந்தபோது இரண்டு கணினிகளில் பதிந்த கணக்கை, இணைப்பு வந்ததும் பிசகில்லாமல் எப்படி ஒன்றுசேர்ப்பது? ஒன்றரை வரியில் கேட்கும் இந்தக் கேள்வி கணினி அறிவியலின் கடினமான கேள்விகளில் ஒன்று. அதை ரிவ்யூவில் முதல் ஸ்லைடாக வையுங்கள்.

5. வாரம் ஒரு புதுக் கோரிக்கை வருகிறதே, எல்லாவற்றையும் செய்ய வேண்டுமா?

வேண்டாம். செய்தால் எதுவும் முடியாது. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: 'இந்தப் பருவத்தில் செய்வது', 'நேரம் இருந்தால் செய்வது', 'செய்யப்போவதில்லை'. மூன்றாவது பத்திதான் உங்களைக் காப்பாற்றும். மண்டிப் புராஜெக்ட்டில் முதல் பத்தியில் பில், பாக்கி, இருப்பு மூன்று மட்டும் இருந்தன. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குவது, வெப்சைட், லோடுமேன்களின் கூலிக் கணக்கு மூன்றும் கடைசிப் பத்தியில். முதலாளிக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

பதினைந்து வாரப் பருவத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு வாரம் கடையில் உட்கார்ந்து பார்ப்பது. மூன்றாம் வாரம் திரைகளைக் காகிதத்தில் வரைந்து காட்டுவது. நிரல் எழுதிய பிறகு மாற்றுவதைவிடக் காகிதத்தில் அழிப்பது எளிது. ஆறாம் வாரத்துக்குள் ஒரே ஒரு வேலையாவது கல்லாவில் ஓட வேண்டும். ஏழு முதல் பத்து வரை நோட்டும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். கடை சாத்தும்போது இரண்டையும் ஒத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே நீங்கள் கவனிக்காத ஒரு வழக்கம் ஒளிந்திருக்கும். மண்டியில் அது திரும்பி வந்த சிப்பம். வண்டு விழுந்தது என்று கொண்டுவந்தால் கணக்குப்பிள்ளை பில்லைத் திருத்த மாட்டார். வேறு சிப்பம் எடுத்துக் கொடுத்து அனுப்புவார். நோட்டில் அது ஏறாது. இருப்பில் மட்டும் ஒன்று குறையும். பதினொன்று, பன்னிரண்டில் திருத்தங்கள். கடைசி மூன்று வாரம் பயிற்சிக்கும் ஒப்படைப்புக்கும் அறிக்கைக்கும். புது வசதி எதையும் அந்த மூன்று வாரத்தில் தொடாதீர்கள்.

6. எழுத்துபூர்வமாக ஏதாவது வேண்டுமா? தெரிந்தவர்தானே?

தெரிந்தவர் என்பதால்தான் கட்டாயம் வேண்டும். மனவருத்தம் வந்தால் புராஜெக்ட்டோடு உறவும் போய்விடும். வக்கீல் தேவையில்லை, தமிழில் ஒரு பக்கம் போதும். என்ன செய்கிறோம், என்ன செய்யவில்லை, எந்தத் தேதியில் ஒப்படைக்கிறோம், அதற்குப் பிறகு எத்தனை வாரம் பிழை திருத்துவோம், செலவு யாருடையது, மென்பொருள் யாருக்குச் சொந்தம், கடையின் விவரங்களை எதற்கு மட்டும் பயன்படுத்துவோம், அறிக்கையில் கடையின் பெயரைப் போடலாமா. இந்த எட்டுக் கேள்விக்கும் விடை எழுதி, இரு தரப்பும் வழிகாட்டியும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

7. பணம் வாங்கலாமா?

முதலில் கல்லூரியின் அனுமதியைக் கேளுங்கள். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் வேலைக்குக் கட்டணம் வாங்குவதைச் சில துறைகள் ஏற்பதில்லை.

கட்டணம் வேறு, செலவு வேறு. பிரின்டர், யுபிஎஸ், பார்கோடு ஸ்கேனர் போன்றவற்றை வாடிக்கையாளரே, அவர் பெயரில் பில் போட்டு வாங்கட்டும். மாணவர்கள் கைப்பணத்தைப் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு கேட்கத் தயங்கித் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். டொமைன் பெயரும் சர்வர் கணக்கும் அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும். கல்லூரி அனுமதித்து ஊக்கத்தொகை வாங்கினால் குழுவுக்குள் பங்கை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டாம். சேவைக்கான ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு தேவை.

8. முடித்த மென்பொருள் யாருக்குச் சொந்தம்? அவர்தானே செய்யச் சொன்னார்?

பலரும் தவறாக நினைத்திருக்கும் இடம் இது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. எழுதியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால் அது முதலாளிக்குப் போகும். நீங்கள் கடையின் ஊழியர் இல்லை. ஆகவே வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் கேட்டார், நீங்கள் எழுதினீர்கள் என்பதால் மட்டும் உரிமை அவருக்குப் போய்விடாது.

உரிமையை அவருக்கு மாற்றித்தர வேண்டுமானால் 19-ஆம் பிரிவின்படி எழுத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கல்லூரிக்கும் தனி விதி இருக்கலாம். துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது: உரிமையை மாணவர்கள் வைத்துக்கொள்ளட்டும், கடைக்குக் காலவரம்பின்றிப் பயன்படுத்தவும், வேறு ஆளை வைத்துத் திருத்தவும் எழுத்தில் அனுமதி கொடுங்கள். பயன்படுத்திய இலவச நூலகங்களின் பட்டியலையும் உரிம விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். காப்புரிமை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலை அந்த அளவில் காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. புதுக் கருவி ஒன்றைச் செய்திருந்தால் அது வேறு. அப்போது கண்காட்சியிலும் கருத்தரங்கிலும் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

9. கடையின் உண்மைக் கணக்கை எங்கள் லேப்டாப்பில் ஏற்றிச் சோதிக்கலாமா?

கூடாது. மண்டியின் பாக்கி நோட்டில் யார் வீட்டில் எந்த மாதம் கை கடித்தது என்று எழுதியிருக்கிறது. அது ஊரின் மானம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியிருக்கிறது. சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே விவரத்தைப் பயன்படுத்த வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது.

சோதனைக்குக் கற்பனைப் பெயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையில் ஒட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளிலும் உண்மைப் பெயர், எண் தெரியக் கூடாது. கோடு எழுத உதவும் ஏஐ கருவியில் கடையின் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். மருந்துக்கடை, கிளினிக், பள்ளி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

10. தமிழில் பில் கேட்கிறார்கள். அது எளிதுதானே?

திரையில் எளிது, கல்லாவில் சிக்கல். பெரும்பாலான தெர்மல் பிரின்டர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியோ கிறுக்கலோ வரும். பில்லைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிக்கு 384 புள்ளிதான் இடம் என்பதை நினைவில் வைத்து எழுத்தளவைத் தீர்மானியுங்கள்.

கடையின் பழைய பட்டியல் 'பாமினி' போன்ற எழுத்துருவில் இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு. 'பொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. மண்டியின் இருப்புப் பட்டியலில் 'பொன்னி' இரண்டு முறை வந்து, ஒன்றில் சிப்பம் குறையாமலேயே இருந்தது. மூன்று நாள் தேடினார்கள். பதியும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அகர வரிசையும் அப்படித்தான். யூனிகோடு வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற' நிற்கும். தமிழ் வரிசைப்படி அடுக்கும் விதியைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் கணக்குப்பிள்ளை தேடும் பெயர் அவர் தேடும் இடத்தில் இருக்காது.

மின்னணு எடை மேடையிலிருந்து எடையை நேரே எடுக்க விரும்பினால், ஆர்எஸ்-232 இணைப்பு இருக்கிறதா என்று பின்புறம் பாருங்கள். இருந்தால் அதன் வழியாகப் படிக்கலாம். மேடையைத் திறக்கவே கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி இட்ட முத்திரை உடைந்தால் மாட்டிக்கொள்வது கடைக்காரர்தான்.

11. குழுவில் நான்கு பேர். வேலை செய்வது இரண்டு பேர். என்ன செய்வது?

வாடிக்கையாளர் புராஜெக்ட்டில் கோடு எழுதுவது மட்டுமே வேலை இல்லை. கடைக்காரரோடு பேச ஒருவர், திரை வடிவமைக்க ஒருவர், நிரல் எழுத ஒருவர், சோதித்துப் பயிற்சி கொடுக்க ஒருவர் என்று பிரித்துவிடுங்கள். கோடு எழுதத் தயங்கிய ஒரு மாணவி மண்டியில் எல்லோருக்கும் வேண்டியவர் ஆனார். கணக்குப்பிள்ளை எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவந்தது அவர்தான். வாரம் ஒருமுறை யார் என்ன செய்தோம் என்று ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படியும் ஒருவர் நகராவிட்டால் முதல் ரிவ்யூவிலேயே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். மூன்றாவது ரிவ்யூவில் சொன்னால் அது புகார் ஆகிவிடும்.

12. பாதியில் கடைக்காரர் ஒதுங்கிவிட்டால் எங்கள் பட்டம் என்ன ஆகும்?

சீசன் வரும், வீட்டில் விசேஷம் வரும், தொழில் நொடிக்கும்; அவரும் மனிதர்தான். ஒவ்வொரு சந்திப்பின் குறிப்பையும் தேதியோடு வைத்திருங்கள். கற்பனை விவரங்களோடு முழுதாக ஓடும் ஒரு பிரதி எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். அந்த இரண்டும் இருந்தால் வாடிக்கையாளர் இல்லாமலும் ரிவ்யூவையும் வைவாவையும் கடக்கலாம். அதே தொழிலில் இருக்கும் இன்னொரு கடையைப் பார்த்துப் பேசவும் முடியும்.

13. புராஜெக்ட் சென்டரில் பத்து நாளில் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

பெற்றோர்களே இதைக் கேட்கிறார்கள் என்பதால் நேராகச் சொல்கிறேன். நான்காண்டுக் கட்டணம் கட்டிவிட்டு, அந்தப் படிப்பு கைக்கு வரும் ஒரே பருவத்தை விலைக்கு விற்றுவிடுவதாகும் அது. வாங்கிய புராஜெக்ட்டை வைவாவில் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். 'இதை ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்டால் மாணவர் தலை குனிகிறார். அந்த அமைதியைப் பார்க்க எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வலிக்கிறது. ஏஐ கருவி எழுதித்தரும் கோடுக்கும் இதே அளவுகோல்தான்: வரி வரியாக விளக்க முடிந்தால் உங்களுடையது.

வேலை நேர்காணலில் பயன்படுமா என்றும் கேட்கிறார்கள். 'எங்கள் மென்பொருளில் பொன்னி ஏன் இரண்டு முறை வந்தது' என்று ஒரு மாணவர் சொல்லத் தொடங்கினால், எதிரே இருப்பவர் தன் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிடுவார்.

14. கடைசியாக: புராஜெக்ட் முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. பல ஆண்டுகளுக்கு முன் என் வழிகாட்டலில் ஒரு கடைக்குக் கடன் கணக்கு மென்பொருள் செய்தார்கள். வைவா சிறப்பாக நடந்தது, நல்ல மதிப்பெண். சர்வர் கணக்கு ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலில், இலவசக் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலை கிடைத்து வெளியூர் போனார். இலவசக் காலம் முடிந்தது. எச்சரிக்கை அஞ்சல்கள் அவர் திறக்காத பெட்டிக்குப் போயின. ஒரு காலையில் திரை திறக்கவில்லை. நான்கு மாதப் பாக்கி விவரம் போனது. கடைக்காரர் என்னைத் தேடி வந்து, கோபப்படாமல், "நோட்டையே வெச்சிருந்திருக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வழிகாட்டி என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னுடையது. அன்றிலிருந்து ஒப்படைப்பு முடியாத புராஜெக்ட்டுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

உங்கள் பருவம் நான்கு மாதம். கடைக்காரரின் காலக்கணக்கு வேறு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு. அத்தனை ஆண்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை என்பதை வைத்துத்தான் ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைக்க வேண்டியவை இவை:

• எல்லாக் கணக்கும் கடவுச்சொல்லும் கடைக்காரர் பெயரில். மாணவர்களின் நுழைவு அனுமதி நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

• விவரங்களுக்கு மூன்று நகல்: கணினியில் ஒன்று, யுஎஸ்பி டிரைவில் ஒன்று, கடைக்கு வெளியே ஒன்று. நகலிலிருந்து மீட்டெடுப்பதை அவர் கண்முன் ஒருமுறை செய்து காட்டுங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

• எல்லா விவரத்தையும் எக்ஸெல் கோப்பாக எடுக்க ஒரு பொத்தான். நாளை அவர் வேறு மென்பொருளுக்கு மாறினாலும் கணக்கு அவரோடு போக வேண்டும்.

• தமிழில் இரண்டு பக்கக் கையேடு, படங்களோடு. லேமினேட் செய்து கல்லாவுக்கு மேல் மாட்டிவிடுங்கள்.

• அடுத்து வரும் புரோகிராமருக்கு ஒரு கோப்பு: எதை எங்கே வைத்தோம், ஏன் அப்படிச் செய்தோம்.

இவை முடிந்த பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஒரு நாள் கடைக்குப் போய், பேசாமல், எதையும் தொடாமல் ஓரமாக நில்லுங்கள்.

அரிசி மண்டி மாணவர்கள் அப்படி ஒரு சனிக்கிழமை மாலை நின்றார்கள்; நானும் கூட இருந்தேன். கடையில் கூட்டம். நடுவில் மின்சாரம் போனது. கல்லாவுக்குக் கீழே யுபிஎஸ் கத்தியது. பழக்கத்தில் கணினிப் பக்கம் நகர்ந்த மாணவரைத் தோளில் தொட்டு நிறுத்தினேன். கணக்குப்பிள்ளை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாதியில் இருந்த பில்லைச் சேமித்தார், தலைக்கு மேல் மாட்டியிருந்த கையேட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், கணினியை அணைத்தார், இழுப்பறையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. கணினியைப் போட்டு, எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். கடைசிச் சீட்டையும் ஏற்றியதும் அதைக் கம்பியில் குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க தம்பி?" என்று கேட்டார்.

அன்று இரவு அவர்களுடைய ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.